ரோந்துக் காவலரின் மனச்சாட்சி



பாளையம்பட்டியில் நாம் உறங்கும்போது காவலர் ரோந்து சுற்றுகிறார். அவர் வந்துபோனதைப் பட்டா புத்தகத்திலுள்ள கையெழுத்து காட்டும். இருட்டில் அகப்பட்ட ஏழையை அவர் எப்படி நடத்தினார் என்பதை எது காட்டும்?

போர்ச்சேவகர் தங்கள் கடமை யாதெனக் கேட்டபோது, ஸ்நாபக அருளப்பர் உத்தியோகத்தை விடச் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறியாமல் சம்பளத்தோடு திருப்தியடையவே சொன்னார்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், கடையை நேரங்கடந்து திறந்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும், தேடிப்போன மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்டார்கள். அங்கேயே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அஞ்சியும் மறையாமல், கண்டதை நடுவரிடம் சொன்னார். உடுப்பு எல்லாருக்கும் ஒன்றுதான், மனச்சாட்சி அவரவருடையது. மேலதிகாரியின் கட்டளை பாவத்தைப் புண்ணியமாக்காது.

பிள்ளைகளைக் காவல் பணிக்கு அனுப்பும் பெற்றோரே, தேக பலத்தோடு தெய்வ பயத்தையும் கொடுத்தனுப்புங்கள்.