காப்பி யார் கடமை?

கி.பி. 1511இல் மக்கமாநகரின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக் காப்பியை விலக்கப்பட்ட பானமென்று தடை செய்தார். உலமாக்கள் கூடி வாதிட்டனர். கெய்ரோவிலிருந்த சுல்தானோ பானத்தை முற்றாக விலக்க உடன்படவில்லை. முன்னர் மதுவுக்கு வழங்கிய ‘கஹ்வா’ என்னும் பெயரே இதற்கும் அமைந்தது ஐயத்தை வளர்த்திருக்கலாம். பருகலாமா என்னும் அக்கேள்வி என்றோ தீர்ந்துவிட்டது. தீராத கேள்வி வேறொன்று உண்டு: அதனை ஆக்கித் தருவது யார் கடமை?

சுசீந்திரத்திலும் அதனை அடுத்த இடலாக்குடியிலும் வைகறையில் முதலில் விழிப்பது அடுப்பங்கரையே. ஃபில்டரில் பொடியிட்டு வெந்நீர் ஊற்றினால், டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமேனும் ஆகும். கருப்பட்டிக் காப்பியாயின் கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்ட வேண்டும். இத்தனைப் பொறுமையும் இல்லாளுடையது. ஆவி பறக்கும் குவளை மட்டும் நம்முடையது.

சமைத்தலும் பிற வீட்டு வேலைகளும் மனைவியின் மீது கட்டாயக் கடமையல்ல என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்பு. (பிற மத்ஹபுகளில் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு பாடம்.) இதனை நடத்தும்போது மாணவர்கள் வியந்து நிமிர்ந்து பார்ப்பர். நடத்திய உஸ்தாதும் வீடு திரும்பியதும் அதட்டியே காப்பி கேட்பார்! கடமையல்லாத ஒன்றை அவள் செய்தால் அது அன்பளிப்பு. நாள்தோறும் அன்பளிப்புப் பெறுபவன் அதனை உரிமையென்று எண்ணத் தலைப்படுகிறான்; ஒருநாள் தாமதமானால் சினக்கிறான். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் போல் சினப்பது எந்த நீதி?

அண்மைக் காலமாக நம் பக்கத்து வீடுகளிலும் ‘பிரெஞ்ச் பிரஸ்’ என்னும் கண்ணாடிக் குடுவை தலைகாட்டுகிறது. பெயர் பிரெஞ்சாயினும், 1929இல் அதற்கொரு காப்புரிமை பெற்றவர் அத்தீலியோ கலிமானி என்னும் இத்தாலியர். கொரகொரப்பாக அரைத்த பொடி 30 கிராம் இட்டு, கொதித்துச் சற்றே ஆறிய நீர் 450 மில்லி ஊற்றி, 4 நிமிடம் பொறுத்து, வலைத்தட்டுள்ள தண்டை மெல்ல அழுத்த வேண்டும். சிக்கரி கலந்த நுண்பொடி இதற்கு ஆகாது. வலையைத் தாண்டி வண்டலாய் நாவில் படும். முந்தினால் சாரம் இறங்காது. அழுத்தியபின் குடுவையிலேயே விட்டால் கசப்பேறும். எனவே பருகுபவனே அருகிலிருந்து காத்திருக்க வேண்டும். ‘எனக்குச் சமையல் தெரியாது’ என்று எந்த ஆண்மகனும் இதில் தப்ப இயலாது.

16ஆம் நூற்றாண்டில் காப்பியின் வரலாற்றை எழுதிய அப்துல் காதிர் அல்ஜஸீரியின் நூலில் ஒரு காட்சி உண்டு. கெய்ரோவில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ரு மஜ்லிஸில் விழித்திருக்கக் காப்பி அருந்துவர். செந்நிற மண்கலத்திலிருந்து அதனை அகப்பையால் முகந்து ஒவ்வொருவருக்கும் வழங்குபவர் அவர்களின் தலைவரே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கையில் குடும்பத்தாரின் பணிகளைச் செய்துவந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸும் நமக்குப் புதிதன்று. புதிதாகத் தோன்றுவது, அதன்படி எழுந்து அடுக்களைக்குள் நுழைவதுதான்.

கருவி வந்ததால் நீதியும் வந்துவிட்டதென்று கூறோம். தண்டை அழுத்துவது இன்பமான வேலை. விருந்தினர் பார்க்க அழுத்துவது அதனினும் இன்பம். பருகி முடித்தபின் வலைத்தட்டைத் திருகிக் கழற்றி, ஒட்டிய சக்கையைத் தென்னையடியில் கொட்டி, கண்ணாடி உடையாமல் கழுவிக் கவிழ்க்கும் வேலை பல வீடுகளில் இன்றும் அவளுக்கே விடப்படுகிறது.