விலை கேட்பதன் தர்மம்

ஒரு பொருளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று முன்வருகிறவனைத் தமிழ் வழக்கு 'விலை கேட்கிறவன்' என்றே குறிப்பிடுகிறது. "அந்த நிலத்தை எவ்வளவுக்குக் கேட்கிறார்கள்?" என்று விசாரிப்பதும், ஏலத்தில் கூறும் தொகையைக் 'கேள்வி' என்பதும் அன்றாடப் பேச்சு. பணத்தோடு வந்தவன் தருபவனாக அன்றிக் கேட்பவனாகவே கருதப்படுவதும், கேட்டல் என்னும் அச்சொல்லே பிறர் சொல்வதைச் செவிமடுத்தலையும் உணர்த்துவதும் சிந்திக்கத்தக்கவை. கேட்பவன் மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். அம்மறுமொழி 'இல்லை' என்று வருவதற்கும் இடம் இருக்க வேண்டும்.

மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகளில், கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடி, அதனுள்ளே விரல்களைப் பற்றித் தரகர் விலை பேசுவது நெடுநாள் வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது தெரியுமேயன்றித் தொகை தெரியாது. மழை பொய்த்து, வைக்கோற்போர் அடியோடு கரைந்துபோன ஓர் ஆண்டில், உழவு மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி பொழுது சாயும்வரை நிற்கும் குடியானவரிடம், மாட்டைத் திரும்ப ஓட்டிச் சென்றால் தொழுவத்தில் தீனி இல்லை என்பதை நன்கறிந்த ஒருவர், அந்த அறிவையே முதலாகக் கொண்டு பாதி விலைக்குக் கேட்பது முறையாகுமா? 'அடிமாட்டு விலைக்குக் கேட்டல்' என்று உலகம் பழிப்பது இதைத்தான்.

கேட்பவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வறட்சியை அவர் வருவிக்கவில்லை, எவரையும் வற்புறுத்தவுமில்லை, அவரும் கேளாமற் போனால் குடியானவருக்கு அந்தப் பாதி விலையும் கிட்டாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவன் 10 ரூபாய்க்கு விற்க இசைந்தாலும், அவனுடைய சம்மதம் சுதந்திரமானதாயின் அவ்வொப்பந்தம் செல்லும் என்று 25-ஆம் பிரிவில் உதாரணம் காட்டுகிறது. ஆயினும் அதை அடுத்த உதாரணத்திலேயே, சம்மதம் சுதந்திரமானதன்று என விற்றவன் மறுப்பானாயின், விலையின் குறைவையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ள வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது.

எனினும், மனிதன் மனிதனை நெருக்கியதைச் சட்டம் விசாரிக்கும். வெறுந்தொழுவம் நெருக்கியதை எந்த மன்றத்தில் விசாரிப்பது? நீதிமன்றம் காணமுடியாத அந்த நெருக்கத்தைத் துண்டுக்குள் விரலைப் பற்றியிருப்பவர் அறிவார். அறிந்தவருக்கே கடமையும் உண்டாகிறது. ஊரெங்கும் மாடுகள் விலைக்கு வந்து குவிந்ததால் சந்தை நிலவரமே தாழ்ந்திருக்குமாயின், அந்நிலவரப்படி கேட்பதில் குற்றமில்லை. இந்த ஒருவரால் மறுக்க இயலாது என்பதற்காக அந்நிலவரத்திற்கும் கீழே இறங்கிக் கேட்பதுதான் அதர்மம். கொள்வதில் மிகாமலும் கொடுப்பதில் குறையாமலும் வாணிகம் செய்தவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவது, இருபுறமும் ஒத்த அந்த நடுவுநிலைமைக்காகவே.

மறுக்கும் வலிமை உள்ளவரிடம் எவ்வளவு குறைத்தும் கேட்கலாம். அவர் தம்மைக் காத்துக்கொள்வார். அவ்வலிமை இல்லாதவரிடம் கேட்கும்போதோ, அவருடைய நியாயத்தையும் கேட்பவரே காக்க வேண்டியவராகிறார். துண்டை விலக்கிச் சந்தை நடுவே, விற்பவரின் முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்வதற்கு நாணாத விலை எதுவோ, அதுவே அவரிடம் கேட்கத்தக்க விலை.