வாசற்படியோடு முடிவதா கடமை?

கிருமிகளையும் ஆயுதமாக்கலாம் என்பதை உலகம் 2001-இல் கண்டது. அமெரிக்காவில் தபால் உறைகளில் அனுப்பப்பட்ட ஆந்த்ராக்ஸ் கிருமியால் 22 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். இத்தகைய ஆபத்தை எண்ணி, குடிநீர், உணவு, மருந்து, முகக்கவசம் ஆகியவற்றைச் சேமித்து வைப்பது இல்லறத்தானின் கடமையே. ஆனால் அக்கடமை வாசற்படியோடு முடிந்துவிடுகிறதா?

மும்பை இக்கேள்வியை முன்பே சந்தித்த நகரம். 1896-இல் அங்கே பிளேக் பரவியது. அது எவரும் ஏவிய தாக்குதலன்று. எனினும் கண்ணுக்குத் தெரியாத பகையின்முன் குடும்பங்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை அது காட்டியது. 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதிகாரிகள் வீடுகளைச் சோதனையிட்டு நோயாளிகளைப் பிரித்துக் கொண்டுசென்றனர். அஞ்சிய குடும்பங்கள் நோயுற்றோரை மறைத்தன. அன்பினால் செய்த செயல்தான் அது. ஆயினும் நோயாளிக்குச் சிகிச்சை கிட்டவில்லை. அண்டை வீட்டாருக்கு எச்சரிக்கையும் கிட்டவில்லை. நம்பிக்கையை வளர்க்காமல் பலத்தை ஏவிய ஆட்சிக்கும் அக்குறையில் பங்குண்டு.

அதே ஆண்டில் புனே நகரைப் பிளேக் வாட்டியபோது, பலர் ஊரைவிட்டு வெளியேறினர். பால கங்காதர திலகரோ அங்கேயே தங்கி, நோயாளிகளுக்காக மருத்துவமனை அமைத்துத் தொண்டாற்றினார்.

அவர் பெயர் தாங்கிய திலக் நகர், மும்பையின் செம்பூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பாக உருவானது. இத்தகைய இடங்களின் சிறு வீடுகளில் நோயாளிக்கெனத் தனியறைக்கு எங்கே போவது? 2020-இல் கோவிட் பரவியபோது தாராவியிலும் இதே இடர்ப்பாடு எழுந்தது. பொதுக் கழிப்பறையைப் பகிர்ந்துகொள்ளும் மக்களால் வீட்டுக்குள் விலகியிருக்க இயலவில்லை. பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. வீட்டில் இல்லாத அறையை ஊர் தந்தது.

தன் குழந்தையை ஆபத்துக்கு உள்ளாக்கி அயலாருக்கு உதவலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆயத்தமில்லாதவருக்கே இது பெரும் தர்மசங்கடமாகிறது. முகக்கவசம் அணியவும், கைகளை முறையாகக் கழுவவும், அடுத்த வீட்டு வாசலில் உணவை வைத்துவிட்டு விலகி நிற்கவும் பழகியவர் இரு கடமைகளையும் பெரும்பாலும் சேர்த்தே காக்க முடியும்.

எனவே சேமிப்புப் பட்டியலில் இன்னும் இரண்டு கேள்விகள் இடம்பெற வேண்டும். மேல்மாடியில் தனியே வாழும் முதியவருக்கு மருந்து வாங்கித் தருபவர் யார்? நோய் கண்டவர் அஞ்சாமல் அதைச் சொல்ல நம் கட்டடத்தில் இடமுண்டா? இவற்றை ஆபத்து வருமுன் கூடிப் பேசி முடிவுசெய்யும் குடும்பங்களே உண்மையில் ஆயத்தமானவை.