நெய் விட்ட நோன்பு

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி ராஜபாளையம், சோழபுரம் வரை விடிகாலைக் குளிரில் திருப்பாவை காதில் விழும். இரண்டாம் பாட்டில் ஆண்டாள் தோழியரோடு பாலையும் நெய்யையும் விடுகிறாள். இருபத்தேழாம் பாட்டில் அதே நெய் சோற்றை மூடி, உண்பவர் கையில் வழிகிறது. அந்தப் பாட்டுக்குரிய கூடாரவல்லியன்று வீட்டுக்கு வீடு அக்காரவடிசில். இடையில் நெய்யில் என்ன மாறிவிட்டது? நோன்பு உடம்பைச் சுத்தம் செய்கிறது, கழிவை வெளியேற்றுகிறது என்று இப்போது விளக்கம் சொல்கிறார்கள். பால்கோவாவுக்குப் பேர்போன ஊரின் நோன்பை டயட்டாகச் சுருக்கும் இந்த விளக்கம், உடம்பின் கணக்கைப் பார்த்தாலே நிற்காது.

வெண்பொங்கலில் ஊற்றிய ஒரு ஸ்பூன் நெய்யைப் பின்தொடர்ந்து போவோம். சிறுகுடலில் பித்தநீர் அதைச் சின்னஞ்சிறு துளிகளாக்குகிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. குடல் சுவருக்குள் போனதும் அவை மறுபடி கொழுப்பாகக் கோக்கப்பட்டு நிணநீரில் இறங்குகின்றன. நெய் சேர்த்துச் சாப்பிட்ட பிறகு அந்த நிணநீர் பாலைப் போலவே வெளுத்திருக்கும். கழுத்தருகே இடப்பக்கச் சிரையில் ரத்தத்தோடு கலக்கிறது. வந்த கொழுப்பு முதலில் எரியும், மிஞ்சினால்தான் கிடங்குக்குப் போகும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1935இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமர், கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கொழுப்பை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நடந்தது வேறு: புதுக் கொழுப்பில் பெரும்பகுதி கிடங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. மனிதரின் கொழுப்புச் செல்லில் கொழுப்பு சராசரியாக ஒன்றரை வருஷம் தங்குகிறது என்று பிற்காலத்தில் கணக்கிட்டார்கள். ஆக, மார்கழியில் நெய்யைத் தொடாதவரின் உடம்புக்குள் போன தீபாவளி நெய்யும் அதற்கு முந்தின தீபாவளி நெய்யும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. நாக்கு நோன்பிருக்கிறது, கொழுப்பையே பெரிதும் எரிக்கும் இதயம் ஒரு வேளையும் நோன்பிருப்பதில்லை.

அதே பொங்கலின் பருப்பில் உள்ள புரதத்தின் கதை வேறு. அமினோ அமிலங்களாகப் பிரிந்த பிறகு, இந்த லைசீன் பாசிப்பருப்பிலிருந்து வந்ததா, பாலிலிருந்தா, ஆட்டுக்கறியிலிருந்தா என்று செல்லுக்குத் தெரியாது. மிஞ்சியதைச் சேர்த்துவைக்கக் கிடங்கும் கிடையாது. அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. சாத்விகப் புரதம், தாமசப் புரதம் என்று பாகுபடுத்த உடம்பில் இடமில்லை. அப்படியானால் கறியும் பருப்பும் ஒன்றா என்று கேட்பார்கள். செல்லுக்கு ஒன்றுதான். கொல்லாமைக்கு நியாயம் உண்டு, ஆனால் அது ஆட்டின் பக்கத்து நியாயம். அதைச் சத்துக் கணக்கில் ஒட்டவைத்தால், கணக்கு பொய்க்கிற அன்று அறமும் சேர்ந்து விழும். கொழுப்பு மட்டும் பிறந்த வீட்டைக் கொஞ்சம் மறக்காதது. பால் கொழுப்பில் ஒற்றைப்படைக் கார்பன் கொண்ட அமிலங்கள் சில உண்டு. பால், நெய் நிறையச் சேர்ப்பவர் ரத்தத்தில் அவை தெரியும். அது சாப்பிட்டதற்குச் சாட்சி, புண்ணியத்துக்குச் சாட்சியல்ல.

உணவின் நுண்பகுதியே மனமாகிறது என்று உபநிடதம் சொல்கிறதே என்பது அந்தக் கேள்வியைவிட வலுவான மறுப்பு. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயம், கடைந்த தயிரில் வெண்ணெய் எழுவதை இதற்கு உவமையாக்குகிறது. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவைப் 15 நாள் வெறும் தண்ணீரோடு இருக்கவைக்கிறார். ஓதிய வேதம் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டதும் வந்துவிடுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதை நினைத்தால் அருமையான சோதனைதான். ஆனால் மகன் என்ன சாப்பிட்டான் என்று தகப்பன் கேட்கவே இல்லை. நினைவுக்குச் சோறு வேண்டும் என்பது தெரிகிறது, இன்ன சோறு என்பது தெரியவில்லை. ஏழாம் அத்தியாயம் ஆகாரத் தூய்மையை உள்ளத் தூய்மையோடு இணைப்பதும் உண்மை. அங்கே ஆகாரம் என்றால் புலன்கள் உள்ளே கொண்டுவருவது என்று சங்கரர் பொருள் கொண்டார். ராமாநுஜர் உண்ணும் உணவென்றே கொண்டார். அவர் வழியில் உணவின் குறை மூன்று: பொருளின் இயல்பு, அது யாரிடமிருந்து வந்தது, அதில் என்ன பட்டது. முதலாவதுதான் பொருளைப் பற்றியது. இரண்டாவது சாதிச் சுவராகவும் முடிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தூய்மையை உறவில் தேட வேண்டும் என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது.

உடம்புக்கு அக்கறையில்லை என்றால் நோன்பை ஏன் சாப்பாட்டில் வைத்தார்கள்? பித்தநீர் நம்மைக் கேட்டுச் சுரப்பதில்லை, கல்லீரல் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இலைக்கும் வாய்க்கும் நடுவே உள்ள ஒரு முழத்தில்தான் நம் இஷ்டம் செல்லும். ஆண்டாளும் நெய்யைத் தீட்டுப் பொருள்களின் பட்டியலில் வைக்கவில்லை; தகாததைச் செய்யாமை, கோள் சொல்லாமை, இயன்றவரை கொடுத்தல் ஆகியவற்றோடு சேர்த்து வைத்தாள். நெய்யிலேயே குற்றம் இருந்தால் இருபத்தேழாம் பாட்டில் அது திரும்பி வந்திருக்காது. திரும்பி வரும்போது அவள் பார்வை நாக்கையோ வயிற்றையோ தேடிப் போகவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க, அந்த ஒரு முழத்திலேயே நெய் வழிகிறது, யார் குடலுக்கும் போய்ச் சேராமல்.