அசரீரியும் செயற்கைக்கோளும்

புராணங்களிலே அடிக்கடி ஒரு குரல் கேட்கும், வானத்திலிருந்து! அசரீரி என்பார்கள். சொன்னது யார்? கேட்கக்கூடாது. சொன்னது சரிதானா? ஆராயக்கூடாது. மேலிருந்து வந்தது, எனவே மெய்! இதைக் கேட்டு எள்ளி நகையாடும் நாம், இன்று வானத்திலிருந்து வரும் படத்தின் முன் வாய்பொத்தி நிற்கலாமா?

செயற்கைக்கோளைப் பழிக்க வரவில்லை நான். அறிவு ஈன்ற அருங்கருவி அது. அமேசான் காட்டின் அழிவைப் பிரேசில் நாடு 1988 முதல் அக்கருவி கொண்டே ஆண்டுதோறும் அளந்து வருகிறது. 2004-இல் அழிந்தது 27,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வெட்டு விழும் இடத்தை உடனுக்குடன் காட்டும் படமும், அதைக் கண்டு விரைந்த காவலும் கைகோத்தன. 2012-இல் அழிவு 5,000-க்கும் கீழே இறங்கிற்று. 2019-இல் அழிவு மீண்டும் ஏறுவதைப் படம் காட்டியது. வெகுண்ட ஆட்சி, அளந்த நிறுவனத்தின் தலைவரையே பதவியிலிருந்து நீக்கியது. முகம் கோணல், உடைபட்டதோ கண்ணாடி! வலியோரின் குற்றத்தை வெளிச்சமிடும் கருவியை வாழ்த்துகிறோம்.

அதே கருவி எளியோர்பால் திரும்பினால்?

இந்தியாவில் 2006-இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் உழுதுண்ட பழங்குடி மக்களுக்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்றது. உரிமை கேட்டுக் குஜராத்தில் மனுச் செய்தோர் பலருக்குக் கிடைத்த விடை, ‘படத்தில் உன் உழவு தெரியவில்லை’ என்பது! 2012-இல் விதி திருத்தப்பட்டது: படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்கலாகாது. 2013-இல் குஜராத் உயர்நீதிமன்றமும் அதையே வலியுறுத்திற்று. ஆயினும் 2019 பிப்ரவரி 13-இல், மனு மறுக்கப்பட்டோரை வெளியேற்றவும், ஆக்கிரமிப்பைச் செயற்கைக்கோள் கொண்டு அளக்கவும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாதம் 28-இல் வெளியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது.

படம் பொய் சொல்லாது என்பர். உண்மைதான். ஆனால் முழுதும் சொல்லுமா? காட்டுப் பரப்பை அளக்க இந்திய வன அளவை நிறுவனம் கொள்ளும் படத்தில் ஒரு புள்ளியின் பக்கம் 23.5 மீட்டர், ஏறத்தாழ பதினான்கு சென்ட் நிலம் ஒரே புள்ளி! ஓர் எக்டேர் நிலத்தில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால், பழத்தோட்டமும் காட்டுப் பரப்பே. உடைமை யாருடையது என்று படம் கேளாது. இலுப்பை மரங்களை வெட்டாமல் காத்து, அவற்றினூடே வரகு விதைத்தவனின் வயல், மேலிருந்து பார்த்தால் காடு. காட்டைக் காத்ததே அவனுக்கு எதிர்ச்சான்றாகிறது! இதுவா நீதி?

வரப்பு, கிணறு, மூதாதையர் புதைகுழி, ஊர்ப் பெரியவரின் வாய்மொழி ஆகிய இவற்றையும் சான்றாக ஏற்கிறது சட்டம். இவை வானிலிருந்து தெரியா. நடந்து சென்று, குனிந்து பார்த்து, மனிதனைக் கேட்டறிய வேண்டியவை. அலுவலக நாற்காலிக்கு அந்த நடை கசக்கிறது; படம் இனிக்கிறது!

தோழர்களே! பகுத்தறிவு என்பது கருவியைத் தொழுவதன்று. கருவியையும் கேள்வி கேட்பது. செயற்கைக்கோள் சாட்சி சொல்லட்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, கிராம சபையிலே அமர்ந்திருக்கும் அந்தப் பழங்குடி மூதாட்டிக்கு இருக்கட்டும். சாட்சியே நீதிபதியாகிவிட்டால், அசரீரிக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?