உடைமை இழப்பும் உயிரின் நிலையும்

பொருளை இழந்து வருந்துவார்க்கு நாம் கூறும் ஆறுதல் சித்தாந்தத்தோடு பொருந்துவதா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

யாம் அறிந்த பெரம்பலூர் அன்பர் ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற பழைய அம்பாசிடர் மோட்டார் வண்டியைப் புதுக்கினார். அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டமையின், உறுப்புக்களை ஊரூராகத் தேடவேண்டியதாயிற்று. துருவேறிய தகடுகளை நீக்கிப் புதியன பற்றவைத்தும், எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தும், மூன்றாண்டு தம் கையாலேயே உழைத்தார். முடிவில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஒருநாள் லாரி ஒன்று மோத, வண்டி இனிச் சீர்செய்யலாகாவாறு நசுங்கிற்று. அவர் உயிர் பிழைத்தார். காணவந்தோர், "இரும்புக்கா அழுகின்றீர்? எல்லாம் மாயை" என்றனர். அவர் எம்மிடம், "ஐயா, என் துயரம் அறியாமைதானோ?" என்று வினவினார்.

உலகம் வெறும் பொய்த்தோற்றம் என்னும் கருத்தில் "எல்லாம் மாயை" என்பது மாயாவாதிகள் கூற்று, சித்தாந்திகட்கு உடன்பாடன்று. நம் நூல்நெறியில் மாயை உள்பொருள். அதன் காரியமாகிய தனு கரண புவன போகங்கள் தோன்றி ஒடுங்குவனவேயன்றிப் பொய்யாவன அல்ல. ஆணவமலத்தால் மறைப்புண்ட உயிர் விளக்கமுறும்பொருட்டு இறைவன் கூட்டியவை அவை. ஆகவே வண்டி மெய், உழைப்பு மெய், இழப்பும் மெய். இல்லாததற்கு அழுதாரென அவரை இகழ்தல் தகாது.

அற்றேல், துயரிலேயே அழுந்திக் கிடத்தல் தகுமோ எனின், அதுவும் தகாது. என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. ஒரு பொருளை "எனது" எனப் பற்றிய உயிர், அது நசுங்கியவழித் தானே நசுங்கியதாகக் கருதும். ஈண்டு இரண்டினைப் பிரித்துணர்தல் வேண்டும். எனதெனப் பற்றியது ஆணவத்தின் செயல். பேணுதற்கண் விளைந்த பொறுமையும், நுண்ணிய கவனமும், தந்தையார்பால் முதிர்ந்த அன்பும் உயிர் பெற்ற விளக்கம். முன்னது வண்டியோடு ஒழிதல் நன்று, பின்னது ஒழியவில்லை.

அரியலூர் மாவட்டத்திலேயே இதற்குச் சான்றுண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத் திருக்கோயிலின் மதிற்கற்கள் பெரும்பாலும் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர். கல் அழிந்ததில்லை, அணையில் வேறு வடிவுற்றது. உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதம் கொண்டு இதனை விளக்கலாம். ஆயினும் அவ்விளக்கத்தால் ஊரார் துயர் ஆறியிருக்குமோ? அவர் இழந்தது மதில் என்னும் வடிவத்தையன்றோ! எனினும் அவர் அன்பிற்கு இலக்காயது மதிலளவில் நின்றதன்று. மதில் சூழ எழுந்தருளியிருந்த பெருமானே அதன் இலக்கு. இன்றும் ஐப்பசிப் பௌர்ணமியில் அப்பெருமானது அன்னாபிடேகத்தைக் காண அடியார் திரள்கின்றனர்.

ஆதலின் அன்பர்க்கு யாம் கூறியது இது: "அழுதல் குற்றமன்று. 'இனி எதனையும் பேணேன்' என்று நெஞ்சை மூடிக்கொள்ளுதலே குற்றம். அன்பு சுருங்கின் ஆணவத்திற்கு இடனாம். விரியின், இழந்த பொருளும் தன் பயனை முற்றத் தந்ததாம்."

அவர் விடை கூறவில்லை. சில திங்கள் கழித்துச் சிற்றூர்க் கோயிலொன்றில், திருவிழாவிற்குமுன் தேர்ச்சக்கரத்தின் அச்சைச் செப்பஞ்செய்வாருள் அவரையும் கண்டோம். வண்டியைப் பற்றிப் பேசியபோது அவர் கண் கலங்கியது. கைப்பணியை அவர் நிறுத்தவில்லை.

திருச்சிற்றம்பலம்.