வசூல்காரர் வாசலில் நிற்கும்போது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடல் கடந்து வந்து கடை வைத்துப் பிழைத்த சமுதாயம் நம்முடையது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ஆம் ஆண்டு ஜாமியா சூலியா பள்ளிவாசலை எழுப்பியவர்களும் வியாபாரம் நாடி வந்த நம் முன்னோர்களே. கையிலுள்ள பணத்தைக் காட்டிலும் நாணயமே பெரிய முதல் என்று நம் பெரியவர்கள் ஓயாமல் சொல்லி வந்தார்கள். அந்த நாணயம் சோதிக்கப்படும் ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றி இன்று சிந்திப்போம்.

சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். பெயர் வேண்டாம், விஷயம் போதும். உறைந்த இறைச்சி வைக்கும் குளிர் அறையைப் பழுது பார்த்துப் பராமரிக்க ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். ஆண்டுக்கு 4 முறை வரவேண்டும். முறைக்கு 600 வெள்ளி. ஆண்டு முடிவில் 2,400 வெள்ளிக்குப் பில் வந்தது. ஆட்கள் வந்ததோ இரண்டே முறைதான் என்பது அவர் நினைவு. கோபத்தில் பில்லை மேஜை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அடுத்தடுத்து வந்த கடிதங்களும் அங்கேயே போயின. ஒரு காசும் கொடுக்கவில்லை. மாதங்கள் கழித்து ஒரு நாள், கடையில் வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருந்த வேளையில், வசூல்காரர் ஒருவர் வந்து நின்றார். செலவுக்கு 300 சேர்த்து 2,700 வெள்ளி கேட்டார்.

சகோதரர்களே! இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்று கடைப் பையனைச் சொல்லச் சொல்வோம். அல்லது, எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போ என்று சத்தம் போடுவோம். முன்னது பொய். பின்னது ஆணவம். இரண்டிலும் கடன் ஒரு காசுகூடக் குறையாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்குத் தரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்து கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர் மீது பாயப் போனார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, உரிமை உள்ளவனுக்குப் பேசவும் இடமுண்டு என்ற கருத்தைச் சொன்னார்கள். அவருக்குரிய வயதுள்ள ஒட்டகம் கிடைக்கவில்லை. அதிலும் மேலானதே கிடைத்தது. அதையே கொடுக்கச் சொல்லி, கடனை அழகிய முறையில் தீர்ப்பவரே உங்களில் சிறந்தவர் என்று போதித்தார்கள். அல்லாஹ்வின் தூதரிடமே ஒருவர் கடுஞ்சொல் பேசினார், அவர்கள் பொறுத்தார்கள். நம் வாசலில் நிற்பவர் யாரோ ஒரு கம்பெனிக்காகச் சம்பளத்துக்கு வந்தவர். அவரை உட்காரச் சொல்வதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

நம் சகோதரரும், அல்ஹம்துலில்லாஹ், அன்று கோபத்தை விழுங்கினார். வசூல்காரரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். பத்து நாளில் எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்றிரவு கடை அடைத்த பிறகு கணக்குகளைப் புரட்டினார். பழைய ரசீதுக் கட்டிலிருந்து கணக்குப்பிள்ளை ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

“முதலாளி, இதைக் கொஞ்சம் பாருங்க. நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ கம்பெனி ஆளு ஒரு தடவை வந்திருக்கான். நம்ம பையன்தான் கையெழுத்துப் போட்டிருக்கான்.”

ஆக, வந்தது மூன்று முறை. கம்பெனி அனுப்பிய நகல்களில் இந்தச் சீட்டு இல்லை. அவர்கள் தொலைத்துவிட்டார்கள் போலும். அந்த 600 வெள்ளிக்கு அத்தாட்சி இந்த உலகத்தில் அவர் மேஜை மீது மட்டுமே இருந்தது. கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை.

“அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஹஸ்ரத்” என்றார் அவர்.

தூக்கம் வராததே ஈமானின் அடையாளம். வழக்காட வரும் இருவரில் ஒருவர் வாதத் திறமையால் தம் பக்கம் தீர்ப்பைப் பெற்றாலும், அது சகோதரனுடைய உரிமையாக இருந்தால் தாம் கொடுப்பது நெருப்புத் துண்டே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், கம்பெனியின் மறதி ஆக்குமா?

அவர் செய்த தவறு எது என்று பாருங்கள். வராத முறைக்குப் பணம் தர மறுத்தது தவறன்று. உரிமை கோருபவன் அத்தாட்சி காட்டவேண்டும் என்பது நம் ஷரீஅத்தின் நியதி. செய்யாத வேலைக்குக் கூலி கேட்டால் மறுப்பது நியாயமே. ஆனால் தகராறு உள்ள பகுதியைச் சாக்காக வைத்து, தகராறே இல்லாத பகுதியையும் நிறுத்திவைத்தாரே, அதுதான் தவறு. கொடுக்க வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிமொழி கூறுகிறது. பில்லில் ஒரு பிழை இருப்பது, பில் முழுவதையும் விழுங்க நமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது. ஷஹீதின் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற செய்தியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

ஆகவே செய்யவேண்டியது இதுதான். முதலில், ஒப்பந்தத்தையும் கையெழுத்திட்ட சீட்டுகளையும் எடுத்து, நமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எண்ணுங்கள். இரண்டாவது, ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே செலுத்தி ரசீது வாங்குங்கள். மூன்றாவது, மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்பதைத் தேதியுடன் எழுதி, கம்பெனிக்கும் வசூல்காரருக்கும் அனுப்புங்கள்; செலுத்திய தொகை மீதிக்கு ஒப்புதல் ஆகாது என்றும் அதில் குறிப்பிடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம் சூரா அல்பகராவில் 282-ஆவது. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுவே என்பதைச் சிந்தியுங்கள்.

பணிவு வேண்டும் என்றதும் பயம் வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 2022-இல் இயற்றப்பட்ட கடன் வசூல் சட்டப்படி இத்தொழிலை நடத்த உரிமம் வேண்டும். வந்தவரிடம் அதையும், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் மரியாதையாகக் கேளுங்கள். நீதிமன்ற உத்தரவு இன்றிக் கடைச் சரக்கைத் தூக்கிச் செல்ல அவருக்கு அதிகாரமில்லை. மிரட்டித் தொல்லை கொடுத்தால் 2014-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, போலீசில் சொல்லலாம். பேசித் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் அங்கே விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைத்து வாதாடுவதில்லை. அவரவர் தாள்களுடன் அவரவரே பேசவேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியவேண்டும்.

ஆயினும் சமாதானமே மேலானது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்குக் கடன்பட்ட இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலிலேயே கடனைக் கேட்க, இருவர் சத்தமும் உயர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் இசைந்தார். உடனே மற்றவரிடம், எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி சொன்னார்கள். கொடுத்தவன் விட்டுக்கொடுக்கிறான், வாங்கியவன் தாமதமின்றித் தீர்க்கிறான். சமாதானத்துக்கு இரண்டு கையும் வேண்டும்.

நம் சகோதரர் அந்தச் சீட்டின் நகலையும் இணைத்து 1,800 வெள்ளியைச் செலுத்தினார். நான்காம் முறைக்கு அத்தாட்சி கேட்டு எழுதினார். கம்பெனி அந்த 600 வெள்ளியை விட்டுவிட்டது. வசூல் செலவு 300 வெள்ளியில் பாதியை அவரே ஏற்றுக்கொண்டார்; கடிதங்களைப் பூட்டி வைத்துத் தாமதித்தது தாமே அல்லவா என்றார். தாங்கள் தொலைத்த சீட்டைக் கடன்காரரே அனுப்பியதைக் கண்டு கம்பெனிக்காரர் தொலைபேசியில் அழைத்து நன்றி சொன்னாராம். 600 வெள்ளிக்கு இவ்வளவு பெரிய ததாவத்தை வேறு எங்கே வாங்க முடியும்?

கடைசியாக ஒன்று. நம் கடைகளிலும் பற்றேடு இருக்கிறது. நாமும் பாக்கி கேட்டு ஆள் அனுப்புகிறோம். எவராவது, அந்தச் சரக்கு எனக்கு வரவில்லையே என்றால், ஏட்டைத் திறந்து காட்டுங்கள், பிழையிருந்தால் அடித்துவிடுங்கள். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவருக்குத் தவணை கொடுங்கள். அதே சூராவின் 280-ஆவது வசனம் அதைத்தான் கட்டளையிடுகிறது. இன்று நம் வாசலில் நிற்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை, நாளை நாம் பிறர் வாசலில் நிற்கும்போது கொண்டு போவோமாக.

எவருடைய பாக்கியும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் கப்ருக்குச் செல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.